சொந்தத்தில் கல்யாணம், முதல் குழந்தை தவறியது: அடுத்த கர்ப்பத்தில் எதை, எப்போது பார்ப்பது?

பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இது. மனைவி சொந்த அக்கா மகள். போன வருடம் தலைப்பிரசவம். குழந்தை பிறந்து சில மணி நேரத்தில் போய்விட்டது. பின்மண்டையில் பை மாதிரி ஒரு வீக்கம், இரண்டு கையிலும் ஆறு விரல், வயிறு உப்பல். மூன்றாம் மாதமும் எட்டாம் மாதமும் ஸ்கேன் எடுத்தார்கள். எட்டாம் மாதத்தில் "தண்ணி கம்மி" என்றதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. இப்போது மறுபடி எட்டு வாரம். இந்த முறை முன்கூட்டியே தெரிந்துகொள்ள எந்த ஸ்கேன் எடுப்பது, எங்கே போவது, ரத்தத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும் என்கிறார்களே அது உண்மையா? கூடவே இன்னொன்று: மனைவியின் தங்கையைத் தன் தம்பிக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், செய்யலாமா?

நான் மகப்பேறு மருத்துவர். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பல வருடம் பிரசவமும் ஸ்கேனும் பார்த்தவள். தம்பி, உங்கள் கேள்விகளை வரிசை மாற்றித்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்த ஸ்கேன் என்பது அப்புறம். முதல் குழந்தைக்கு வந்தது என்ன நோய், அதற்கு யாராவது பெயர் சொன்னார்களா? டிஸ்சார்ஜ் சீட்டில் "பிறவிக் குறைபாடு" என்று மட்டும் எழுதியிருந்தால் அது பெயர் இல்லை. என்ன நோயைத் தேடுகிறோம் என்று சொல்லாமல் எந்த லேபுக்கு ரத்தம் அனுப்பினாலும் வரும் "நார்மல்" ரிப்போர்ட்டை நம்பி உட்கார முடியாது. பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் சேர்ந்து வந்தால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மெக்கல்-குரூபர் என்கிற அபூர்வ நோய். பின்மண்டை எலும்பில் ஒரு இடைவெளி இருந்து, அதன் வழியே மூளையும் அதன் சவ்வும் வெளியே பிதுங்கி நிற்கும். இரண்டு சிறுநீரகமும் நீர்க்கட்டிகளால் நிறைந்து, பெரிதாகி வயிற்றை உப்ப வைக்கும். சுண்டுவிரலை ஒட்டி ஆறாவது விரல் இருக்கும். நான்கு மாதத்துக்குப் பிறகு பனிக்குட நீர் என்பதே பெரும்பாலும் குழந்தை கழிக்கும் சிறுநீர்தான். சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால் அந்த நீர் வற்றும். நீர் வற்றினால் நுரையீரல் வளராது. எட்டாம் மாதம் சொன்ன "தண்ணி கம்மி"யும், குழந்தை சில மணி நேரத்துக்கு மேல் தாங்காததும் இதோடு பொருந்துகின்றன.

ஆனால் கிட்டத்தட்ட இதே தோற்றத்தில் இன்னொரு நோயும் வரும். மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களில் 13-ஆம் குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருப்பது. டிரைசோமி 13 என்பார்கள். ஆறு விரல் அதிலும் உண்டு, கட்டிகள் உள்ள சிறுநீரகம் உண்டு, சில குழந்தைகளுக்குப் பின்மண்டைப் பிதுக்கமும் உண்டு. உதட்டுப் பிளவு, சிறுத்த கண்கள், இதயக் கோளாறு ஆகியவை அதில் கூடுதலாகச் சேரும். துணியில் சுற்றிக் கொடுத்த குழந்தையைப் பார்த்துவிட்டு இதுவா அதுவா என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. நான் நேரில் பார்க்காத குழந்தைக்கு நானும் பெயர் வைக்கப்போவதில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்றால், எல்லாமே இருக்கிறது. மெக்கல்-குரூபர் என்றால் நீங்களும் உங்கள் மனைவியும் அதே மரபணுவில் ஒரு பழுதான பிரதியைச் சுமக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆளுக்கு ஒரு நல்ல பிரதியும் இருப்பதால் உங்கள் இருவருக்கும் ஒரு கோளாறும் தெரியாது. இருவரின் பழுதான பிரதியும் சேர்ந்து குழந்தைக்குப் போனால்தான் நோய் வரும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு திரும்ப வருவதற்கு. டிரைசோமி 13 என்றால் அது பெரும்பாலும் கரு உருவான நேரத்தில் நடந்த விபத்து. திரும்ப வரும் வாய்ப்பு சுமார் நூறில் ஒன்று. பெற்றோரில் ஒருவருக்குக் குரோமோசோம் இடம் மாறி ஒட்டியிருந்தால் மட்டும் அந்தக் கணக்கு வேறு. நான்கில் ஒன்றும் நூறில் ஒன்றும் ஒரே பயம் இல்லை. தேட வேண்டிய சோதனையும் ஒன்று இல்லை.

நான்கில் ஒன்று என்றதும் நம் ஊரில் உடனே ஒரு கணக்குப் போடுவார்கள்: "ஒண்ணு போயிடுச்சு, இனி மூணு நல்லாப் பொறக்கும்." அப்படி இல்லை. தாயக்கட்டையில் போன தடவை என்ன விழுந்தது என்று கட்டைக்குத் தெரியாது. ஒவ்வொரு கர்ப்பமும் புதிய உருட்டல். இரண்டாவதும் அப்படியே போய், மூன்றாவது நன்றாகப் பிறந்த குடும்பத்தையும் பார்த்திருக்கிறேன். முதல் குழந்தை மட்டும் போய், அடுத்த மூன்றும் நன்றாக இருக்கும் குடும்பத்தையும் பார்த்திருக்கிறேன்.

இப்போது ரத்தப் பரிசோதனைக்கு வருவோம். உங்களிடம் சொல்லப்பட்டது என்.ஐ.பி.டி. தாயின் ரத்தத்தில் நச்சுக்கொடியிலிருந்து உதிர்ந்த டி.என்.ஏ. துணுக்குகள் மிதக்கின்றன என்று 1997-இல் டென்னிஸ் லோ குழுவினர் கண்டுபிடித்ததிலிருந்து வந்த சோதனை இது. பத்து வாரத்துக்குப் பிறகு கையில் ரத்தம் எடுத்தால் போதும், கருவைத் தொடவே வேண்டாம். நல்ல சோதனைதான். ஆனால் அது எண்ணிப் பார்ப்பது முக்கியமாக 21, 18, 13 ஆகிய குரோமோசோம்களை. உங்கள் முதல் குழந்தைக்கு இருந்தது டிரைசோமி 13 என்றால் அதற்கு இதில் பயன் உண்டு. மெக்கல்-குரூபர் என்றால் குரோமோசோம் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும். "லோ ரிஸ்க்" என்று ரிப்போர்ட் வரும். நீங்கள் கோயிலில் பொங்கல் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள். நோய் உள்ளே இருக்கும். அந்த ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். தாயின் ரத்தத்தில் பார்க்கும் டபுள் மார்க்கர், குவாட்ரபிள் மார்க்கர் சோதனைகள் எல்லாமும் இதே கதைதான். இன்னொன்று, என்.ஐ.பி.டி.யில் "ஹை ரிஸ்க்" என்று வந்தாலும் அது முடிவு இல்லை. ஊசி போட்டு எடுக்கும் சோதனையில் உறுதி செய்யாமல் அதை மட்டும் வைத்துக் கர்ப்பத்தைக் கலைக்கக் கூடாது. 13-ஆம் குரோமோசோம் விஷயத்தில் பொய்யான எச்சரிக்கை 21-ஐவிட அதிகம்.

சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி ஆனதா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வீட்டில் யாராவது கேட்டிருப்பார்கள், அல்லது உங்கள் மனைவி தனியாக யோசித்துக்கொண்டிருப்பார். தாய்மாமனும் அக்கா மகளும் மரபணுவில் நான்கில் ஒரு பங்கைப் பொதுவாக வைத்திருப்பவர்கள். அத்தை மகன், மாமன் மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. உங்கள் அப்பாவிடமோ அம்மாவிடமோ இருந்த ஒரு பழுதான பிரதி உங்களுக்கும் வந்து, உங்கள் அக்கா வழியாக உங்கள் மனைவிக்கும் வந்திருக்கலாம். அதனால்தான் இப்படிப்பட்ட அபூர்வ நோய்கள் உறவில் கட்டிய வீடுகளில் அதிகம் தலைகாட்டுகின்றன. அதே சமயம், 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. அவர்களில் பெரும்பாலோருக்கு நல்ல குழந்தைகள்தான் பிறக்கின்றன. யாருக்குப் பிறக்கும் குழந்தைக்கும் நூறில் இரண்டு மூன்று பங்கு பிறவிக் குறைபாட்டு வாய்ப்பு உண்டு. உறவுத் திருமணத்தில் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகும், தாய்மாமன் உறவில் இன்னும் கொஞ்சம் கூடும். கிரகணத்தன்று வெளியே வந்தாள், பப்பாளி சாப்பிட்டாள் என்று வீட்டுப் பெரியவர்கள் ஆரம்பித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். பழுதான பிரதியில் சரிபாதி உங்களுடையது.

இந்த வாரமே செய்ய வேண்டியது பழைய காகிதங்களைச் சேர்ப்பது. முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டும் படங்களும், குழந்தையைப் பச்சிளங்குழந்தைப் பிரிவில் வைத்திருந்தால் அங்கே எழுதிய கேஸ் ஷீட் நகல். மருத்துவமனை ரெக்கார்டு அறையில் எழுதிக் கொடுத்தால் நகல் தருவார்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணைக் கொண்டுபோங்கள். குழந்தைக்கு அங்கே ரத்தம் எடுத்தார்களா, எடுத்திருந்தால் குரோமோசோம் சோதனைக்கு எங்காவது அனுப்பினார்களா என்று கேளுங்கள். அப்புறம், சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, யாராவது மொபைலில் குழந்தையைப் படம் எடுத்தார்களா? வீட்டுப் பெரியவர்கள் அழிக்கச் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் யாராவது ஒரு மாமன், மச்சான் போனில் அல்லது கூகுள் போட்டோஸில் கிடக்கும். கை விரித்திருக்கும் ஒரு படம், முகம் நேராகத் தெரியும் ஒரு படம், பின்மண்டை தெரியும் ஒரு படம்: இந்த மூன்றும் மரபியல் மருத்துவருக்குப் பத்துப் பக்க ரிப்போர்ட்டைவிட அதிகம் சொல்லும். ஆறாவது விரல் சுண்டுவிரல் பக்கமா கட்டைவிரல் பக்கமா, அதில் எலும்பு இருந்ததா அல்லது சதையாகத் தொங்கியதா, காலிலும் இருந்ததா, உதடு பிளந்திருந்ததா என்று பிரசவத்தில் கூட இருந்த பெண்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். உங்கள் வம்சத்தில் வேறு யாருக்காவது ஆறு விரல் இருந்து அவர்கள் நன்றாக இருந்தால் அதையும் எழுதுங்கள். அது வெறும் குடும்ப அடையாளமாகவும் இருக்கலாம்.

அந்தக் கோப்போடு இந்த வாரமோ அடுத்த வாரமோ ஒரு மரபியல் மருத்துவரைப் பாருங்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008-இல் வந்தது, கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் திறந்தார்கள். பிரசவத்துக்கும் சாதாரண ஸ்கேனுக்கும் அலைய வேண்டிய காலம் போய்விட்டது. ஆனால் மரபியல் ஆலோசனைக்கு இன்னும் ஊர் தாண்டத்தான் வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் அதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. பெங்களூருவில் மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனையும் சேர்ந்து மத்திய அரசின் அபூர்வ நோய் உயர் சிறப்பு மையமாக இருக்கின்றன. இரண்டுமே காலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் வீடு திரும்பும் தூரம்தான். முதலில் தர்மபுரி அரசு மருத்துவமனையில் மகப்பேறு பேராசிரியரைப் பார்த்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். நேராகப் போய் வரிசையில் நிற்பதைவிட அது உதவும்.

அங்கே இரண்டு சோதனை சொல்வார்கள் என்று எதிர்பார்க்கிறேன். ஒன்று, உங்கள் இருவரின் குரோமோசோம் படம், அதாவது கேரியோடைப். இரண்டு, உங்கள் இருவருக்கும் எக்ஸோம் சோதனை, அதாவது மரபணுக்களின் முக்கியப் பகுதிகளை மொத்தமாகப் படித்துப் பழுது தேடும் சோதனை. மெக்கல்-குரூபர் நோயை உண்டாக்கும் மரபணுக்கள் பத்துக்கு மேல் இருக்கின்றன, குழந்தையின் டி.என்.ஏ. கையில் இல்லாதபோது, பெற்றோர் இருவரிடமும் பழுதாக இருக்கும் பொதுவான மரபணு எது என்று தேடிப் பிடிப்பதுதான் வழி. உறவில் கட்டியதில் ஒரே ஒரு வசதி இதுதான்: இருவரிடமும் பெரும்பாலும் அதே பழுது இருக்கும், தேடுவது கொஞ்சம் சுலபம். ரிசல்ட் வரச் சில வாரங்கள் ஆகும், செலவும் பல ஆயிரம் ஆகும். எட்டு வாரத்திலேயே நீங்கள் கேட்டது நல்லதாய்ப் போயிற்று. பலரும் ஐந்தாம் மாதம் முடிந்த பிறகு வந்து நிற்பார்கள். கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே செய்திருந்தால் இன்னும் நிதானமாகச் செய்திருக்கலாம் என்பதை அடுத்து கல்யாணம் செய்பவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

இனி ஸ்கேன். போன தடவை மூன்றாம் மாதம் எடுத்தது அநேகமாக இதயத்துடிப்பும் நாள் கணக்கும் பார்த்த ஸ்கேன். மூன்றாம் மாதத் தொடக்கத்தில் கரு இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். மண்டையும் விரலும் அதில் தெரியாது. ஐந்தாம் மாத ஸ்கேன் எடுக்கவே இல்லை. எட்டாம் மாதத்தில் நீர் வற்றிக் குழந்தை ஒடுங்கிக் கிடந்திருக்கும். தண்ணீர் இல்லாத இடத்தில் ஸ்கேன் படம் புகை படிந்த கண்ணாடியாகத்தான் வரும்.

இந்த முறை உங்களுக்கு முக்கியமான ஸ்கேன் 12 முதல் 13 வாரத்துக்குள் எடுப்பது. எல்லோருக்கும் கழுத்துப் பின்புற நீர் அளக்கும் என்.டி. ஸ்கேன் என்று எடுப்பார்களே, அதே நேரம்தான். ஆனால் சீட்டில் "என்.டி." என்று மட்டும் எழுதி வாங்கிப் போகாதீர்கள், முதல் குழந்தையின் விவரத்தை எழுதி, மண்டை, சிறுநீரகம், கை விரல் பார்க்கச் சொல்லி எழுதி வாங்குங்கள். அந்த வாரத்தில் பனிக்குட நீர் குழந்தையின் சிறுநீரை நம்பி இல்லை, அதனால் நோய் இருந்தாலும் நீர் நன்றாக இருக்கும். தலையிலிருந்து புட்டம் வரை ஆறு ஏழு சென்டிமீட்டர்தான் குழந்தை. நீரில் மிதந்துகொண்டு கையை விரித்து விரித்து மூடும். அந்த விரிக்கும் நொடியில் படத்தை நிறுத்திவிட்டு விரல்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதில் தெளிவில்லை என்றால் உள்ளே வைத்துப் பார்க்கும் கருவியில் பார்ப்பார்கள். அதனால் கரு கலையாது, உங்கள் மனைவியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பொறுமையாகப் பார்க்கும் டாக்டர் வேண்டும். வரிசையில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில், ஆளுக்கு ஐந்து நிமிடத்தில் இது நடக்காது. வயிற்றிலிருக்கும் குழந்தையைப் பார்க்கும் ஸ்கேனுக்கென்றே தனியாகப் பயிற்சி எடுத்தவர்கள் சேலத்திலும் ஓசூர் தாண்டிப் பெங்களூருவிலும் இருக்கிறார்கள்.

எக்ஸோமில் பழுது எது என்று தெரிந்துவிட்டால், 11-13 வாரத்தில் நச்சுக்கொடியிலிருந்து துளி சதை எடுத்துக் குழந்தைக்கு அந்தப் பழுது இரட்டையாக இருக்கிறதா என்று பார்க்கலாம். சி.வி.எஸ். என்பார்கள். பயப்படுவது போல ஆபரேஷன் இல்லை. வயிற்றில் மரத்துப்போக ஊசி, பிறகு ஸ்கேன் திரையில் பார்த்துக்கொண்டே இன்னொரு ஊசியை நச்சுக்கொடிக்குள் செலுத்தி உறிஞ்சுவார்கள். குழந்தை இருக்கும் பைக்குள் ஊசி போகாது. சிரிஞ்சில் வந்ததைத் தட்டில் ஊற்றிப் பார்த்தால் வெள்ளை நூல் கிளை விட்டது போல மிதக்கும். அது போதுமான அளவு இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்வார்கள். அரை மணி நேரம் படுத்துவிட்டு வீட்டுக்கு வரலாம், இரண்டு நாள் தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம். அந்த வாரத்தைத் தவறவிட்டால் 15 வாரம் முடிந்த பிறகு பனிக்குட நீர் எடுத்தும் பார்க்கலாம். இரண்டிலும் கரு கலையும் வாய்ப்பு, பழகிய கையில், இருநூறில் ஒன்றுக்கு மேல் போகாது. மனைவிக்கு நெகட்டிவ் ரத்தப்பிரிவு என்றால் குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் திரும்பாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை அன்றே போட வேண்டும். இதைக் கேட்டு வாங்குங்கள்.

பழுது எதுவும் பிடிபடவில்லை என்றால் ஸ்கேன்தான் துணை. 12-13 வாரத்தில் நன்றாக இருந்தால் 16 வாரத்தில் ஒரு தடவை, 18-19 வாரத்தில் உறுப்பு உறுப்பாகக் குறைபாடு தேடும் முழு அனாமலி ஸ்கேன். டிஃபா என்று எழுதுவதும் இதுதான்.

இருபது வாரத்துக்குத் தள்ளாமல் ஏன் 18-19 என்று சொல்கிறேன் என்றால், காரணம் சட்டமும் தூரமும். கருக்கலைப்புச் சட்டம் 1971-இல் வந்தது. அதில் செய்த திருத்தம் 2021 செப்டம்பர் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. இருபது வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். இருபதிலிருந்து இருபத்து நான்கு வரை, குழந்தைக்குக் கடுமையான குறைபாடு உள்ளிட்ட சில காரணங்களுக்கு மட்டும், இரண்டு மருத்துவர்கள் ஒப்ப வேண்டும். அதற்கு மேல் போனால் அரசு அமைத்த மருத்துவ வாரியம் பார்த்துக் குறைபாடு கடுமையானது என்று சொல்ல வேண்டும். மனு வந்த மூன்று நாளில் வாரியம் கருத்துத் தர வேண்டும் என்பது விதி. இருபது வாரத்தில் இங்கே சந்தேகம் சொல்லி, சேலத்திலோ பெங்களூருவிலோ மறு ஸ்கேனுக்குத் தேதி வாங்கி, நீர் எடுத்து, குரோமோசோம் வளர்த்துப் பார்க்க இரண்டு மூன்று வாரம் ஆனால் இருபத்து நான்கு தாண்டியிருக்கும். நோய் உறுதியானால் என்ன செய்வது என்பதை எந்த டாக்டரும் உங்களுக்காக முடிவு செய்யக் கூடாது. கடைசி வரை சுமந்து பெற்று, சில மணி நேரம் மடியில் வைத்திருந்து அனுப்புகிறோம் என்ற தம்பதிகளும் உண்டு, அதுவும் சரிதான். கலைப்பது என்றால் பதினெட்டு வயது நிறைந்த பெண்ணின் கையெழுத்து மட்டுமே சட்டப்படி போதும். கணவர் கையெழுத்துகூடத் தேவையில்லை, மாமனார் கையெழுத்தும் தேவையில்லை.

ஸ்கேனுக்குப் போகும் இடத்தில் ஆதார் கேட்பார்கள், எத்தனை குழந்தை, ஆணா பெண்ணா என்று எழுதச் சொல்வார்கள், "குழந்தையின் பாலினத்தை அறிய விரும்பவில்லை" என்று கையெழுத்து வாங்குவார்கள். எரிச்சல் படாதீர்கள். பெண் சிசுக்கொலைக்காக ஒரு காலத்தில் நாடு முழுக்கப் பேசப்பட்டது சேலம்-தர்மபுரிப் பக்கம். தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-இல் சேலத்தில் தொடங்கியதே அதனால்தான். பாலினம் சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் வந்தும், வீட்டுக்குள் சின்ன மெஷினை வைத்து ஆணா பெண்ணா சொல்லும் கும்பல்கள் நம் பக்கத்தில் பிடிபட்ட செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். அந்த ஆட்களால்தான் நல்ல காரணத்துக்கு ஊசிச் சோதனை கேட்டு வருகிறவர்களும் பத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. பரம்பரை நோயோ பிறவிக் குறைபாடோ சந்தேகப்பட்டுச் செய்யும் சோதனையை அதே சட்டம் வெளிப்படையாக அனுமதிக்கிறது. பதிவு பெற்ற மையத்தில் மட்டும் எடுங்கள், படிவத்தில் உண்மையை எழுதுங்கள்.

அனாமலி ஸ்கேனை அளவுக்கு மேல் நம்பவும் வேண்டாம். மண்டை ஓடு உருவாகாதது, முதுகுத்தண்டு மூடாதது, சிறுநீரகம் இல்லாதது, குடல் வெளியே இருப்பது போன்றவை நன்றாகத் தெரியும். இதயத்தில் சின்ன ஓட்டை, உள் அண்ணப் பிளவு, காது கேளாமை, தசைச் சிதைவு நோய்கள், தலசீமியா, உடலின் வேதியியல் கோளாறுகள் எதுவும் தெரியாது. சில எலும்பு வளர்ச்சிக் குறைபாடுகள் ஆறாம் மாதத்துக்குப் பிறகுதான் தலைகாட்டும். மாறாக, "இதயத்தில் வெள்ளைப் புள்ளி" என்று ரிப்போர்ட்டில் வந்தால் பதறிப்போய் ஓடி வருவார்கள்; நூறு நல்ல கர்ப்பத்தில் மூன்று நான்கில் அது இருக்கும், வேறு கோளாறு இல்லாவிட்டால் தனியாக அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

ஸ்கேனில் குறை தெரிந்தால் கலைப்பதற்குத்தான் என்று நினைப்பதும் தப்பு. இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய குழாய்களும் இடம் மாறியிருக்கும் ஒரு நோய் இருக்கிறது. முன்பே தெரிந்தால் பிரசவத்தை இதய அறுவை வசதியுள்ள நகரத்தில் வைத்து, பிறந்ததும் மருந்து ஏற்றி, முதல் சில வாரத்துக்குள் அறுவை செய்தால் குழந்தை பள்ளிக்கூடம் போகும். தெரியாமல் பென்னாகரத்திலோ அஞ்செட்டியிலோ பிறந்து, நீலம் பாரித்த பிறகு 108-இல் ஏற்றினால் வழியிலேயே போய்விடலாம். உதரவிதானத்தில் ஓட்டை, சிறுநீர்ப் பாதை அடைப்பு இவையும் அப்படியே: எங்கே பிரசவம் என்பதை ஸ்கேன்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஃபோலிக் ஆசிட் மாத்திரை: போடுகிறாரா என்று பாருங்கள். முதல் குழந்தைக்கு மண்டைப் பிதுக்கம் இருந்ததால் 5 மில்லிகிராம் தரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சாதாரண நரம்புக்குழல் குறைபாட்டை அது நன்றாகத் தடுக்கும். 1991-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் திரும்ப வருவது 72 சதவீதம் குறைந்தது. ஆனால் நரம்புக்குழல் மூடுவது கரு உருவான 28 நாளுக்குள். மாத்திரை கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். மெக்கல்-குரூபர் என்றால் எந்த மாத்திரையும் தடுக்காது.

ஒருவேளை இந்தக் குழந்தையும் தவறும்படி ஆனால், துக்கத்தின் நடுவில் ஒரே ஒரு வேலையை மறக்காமல் யாராவது ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். தொப்புள்கொடியிலிருந்து இரண்டு மில்லி ரத்தம் ஊதா மூடி போட்ட குழாயில் எடுத்து மரபியல் லேபுக்குப் போகட்டும். உடல் முழுவதும் ஒரு எக்ஸ்ரே, சில படங்கள். உடனே அடக்கம் செய்துவிடுவது நம் வழக்கம், புரிகிறது. ஆனால் முதல் குழந்தைக்கு இந்த இரண்டு மில்லி எடுத்திருந்தால் இன்றைக்கு நீங்கள் இவ்வளவு அலைய வேண்டாம். இதைப் பிரசவத்துக்கு முன்பே கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் தம்பி கல்யாணம். உங்களுக்குப் பழுது உங்கள் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருந்தால் உங்கள் தம்பிக்கும் அது இருக்கச் சரிபாதி வாய்ப்பு. உங்கள் மனைவிக்கு அவர் அம்மா வழியாக வந்திருந்தால் அவர் தங்கைக்கும் சரிபாதி. இருவருக்கும் இருந்தால் உங்கள் கதைதான் அவர்களுக்கும். எக்ஸோமில் பழுது இன்னது என்று தெரிந்த பிறகு, அந்த ஒரு இடத்தை மட்டும் பார்க்கும் சோதனைக்கு ஆளுக்கு ஒரு குழாய் ரத்தம் போதும், செலவும் குறைவு. இருவரில் ஒருவருக்கு இல்லை என்று வந்தாலே இந்த நோய்க்காக அந்தக் கல்யாணத்தை நிறுத்த வேண்டியதில்லை. டிரைசோமி 13 என்று தெரிந்து, உங்கள் இருவரின் குரோமோசோம் படமும் சரியாக இருந்தால் அந்தச் சோதனைகூட வேண்டாம். அதுவரை நிச்சயத் தேதி குறிப்பதை இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். பெண்ணை மறுத்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு வராமலிருக்க ஆடி, மார்கழி என்று ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம். அதெல்லாம் உங்கள் அக்காவுக்கு நன்றாகத் தெரியும்.